கணினி வாங்கும் கோப்பு முதல்முறையாக உங்கள் கைக்கு வந்தால்: சுற்றுச்சூழல் தரம் பார்த்து வாங்க ஒரு வழிகாட்டி

பள்ளியோ, மருத்துவமனையோ, அலுவலகமோ, கணினி கொள்முதல் கோப்பில் என்னென்ன இருக்கும் என்பது நமக்குத் தெரியும். புராசஸர், ரேம், ஸ்டோரேஜ், திரை அளவு, 3 வருட வாரண்டி, விலை. கடைசியாக ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று ஒரு கட்டம். விலைப்புள்ளி அனுப்பும் எல்லோருமே அதில் ‘ஆம்’ என்று எழுதித்தான் அனுப்புவார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்த ‘ஆம்’ உண்மைதானா என்று எப்படிக் கேட்பது, வரும் பதிலை எப்படிச் சரிபார்ப்பது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

‘ஒரு நிறுவனம் கேட்டு என்ன ஆகிவிடப் போகிறது’ என்று நினைக்க வேண்டாம். 2012 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளை ஈபீட் என்ற சுற்றுச்சூழல் பதிவேட்டிலிருந்து விலக்கிக்கொண்டது. அந்தப் பதிவேட்டில் இருக்கும் கணினிகளைத்தான் வாங்க வேண்டும் என்று சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகத்தில் விதி இருந்தது. அப்படியானால் இனி மேக் கணினிகள் வாங்க முடியாது என்று நிர்வாகம் அறிவித்தது. சில நாட்களிலேயே, விலகியது தவறு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஆப்பிள் திரும்பி வந்தது. மொத்தமாக வாங்குபவரின் கையில் இவ்வளவு பலம் இருக்கிறது. விதியை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1. முதலில், வாங்கத்தான் வேண்டுமா?

மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒரு லேப்டாப் தன் ஆயுளில் ஏற்படுத்தும் கார்பன் உமிழ்வில் பெரும் பங்கு அதைத் தயாரிக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. சுரங்கத்திலிருந்து உலோகம் எடுப்பது, சிப் செய்வது, திரை செய்வது எல்லாம் நீங்கள் அதை முதல்முறை ஆன் செய்வதற்கு முன்பே முடிந்த கதை. அதனால் எவ்வளவு சிக்கனமான புது மாடல் வாங்கினாலும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வாங்கினால் கணக்கு நஷ்டத்தில்தான் முடியும்.

ஒரு சின்னக் கணக்கு. உங்களிடம் 300 லேப்டாப்கள் இருக்கின்றன, 4 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்றால் வருடத்துக்கு 75 புதிதாக வாங்க வேண்டும். அதையே 6 வருடம் ஓட்டினால் 50 போதும். மூன்றில் ஒரு பங்கு கொள்முதல் அப்படியே குறைகிறது. எந்த முத்திரை குத்திய மாடலை வாங்கினாலும் இந்த அளவுக்குக் குறைப்பது கடினம்.

அதனால் கோப்பைத் திறந்தவுடன் ஒரு பட்டியல் போடுங்கள்: இருக்கும் கணினிகள், ஒவ்வொன்றின் வயது, என்ன குறை. ‘ஸ்லோவாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தவர்களிடம் போய்ப் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமைக் கூட்டினாலே பாதிப் புகார்கள் காணாமல் போகும். ‘சார்ஜ் நிற்கவில்லை’ என்றால் புது பேட்டரி போதும்.

மென்பொருள் ஆதரவு முடிந்துபோவதும் பெரிய காரணமாக இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் குறிப்பிட்ட தலைமுறை புராசஸரும் வேண்டும் என்பதால், எந்தக் குறையும் இல்லாத கணினிகள்கூட வரிசையிலிருந்து வெளியேறின. அவற்றை உடனே கழிவாக்க வேண்டாம். பிரவுசர் மட்டும் தேவைப்படும் இடங்களில், அதாவது நூலகம், பயிற்சிக்கூடம் போன்றவற்றில், லினக்ஸ் போட்டுப் பல வருடம் ஓட்டலாம். பாதுகாப்பு அப்டேட் இல்லாத கணினியை நெட்வொர்க்கில் விட்டுவைப்பது மட்டும் கூடவே கூடாது.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சர்வர் போல இரவும் பகலும் ஓடும் கருவிகளில் மின்சாரத்தின் பங்கு பெரிது. அங்கே மிகப் பழைய கருவியை மாற்றுவது நியாயமாக இருக்கலாம். லேப்டாப்புக்குச் சொன்னதை அப்படியே சர்வர் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

புதிது வேண்டும் என்று முடிவானபின், புதுப்பிக்கப்பட்ட கணினிகளையும் டெண்டரில் ஒரு பிரிவாகச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். வாரண்டியோடு கிடைத்தால் பல வேலைகளுக்கு அது தாராளமாகப் போதும்.

2. முத்திரைகளை இனம்பிரித்துப் பழகுங்கள்

பெட்டியில் பச்சை இலை போட்டிருப்பதெல்லாம் ஒரே மதிப்புள்ளவை அல்ல. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கிறது. ஐஎஸ்ஓ 14024-இன் கீழ் வருபவை, வெளியார் வகுத்த விதிகளின்படி, மூன்றாம் தரப்பு சரிபார்த்துத் தரும் முத்திரைகள். ஐஎஸ்ஓ 14021-இன் கீழ் வருபவை தயாரிப்பாளரே தன் பொருளைப் பற்றிச் சொல்லிக்கொள்பவை. ஐஎஸ்ஓ 14025 என்பது பொருளின் சுற்றுச்சூழல் பாதிப்பை எண்களில் தரும் அறிக்கை. அது நல்லது கெட்டது என்று தீர்ப்பு சொல்லாது. கொள்முதலில் நீங்கள் முதலில் தேட வேண்டியது முதல் வகையைத்தான்.

கணினித் துறையில் அடிக்கடி எதிர்ப்படும் பெயர்கள் இவை:

எனர்ஜி ஸ்டார், 1992-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தொடங்கியது. முதலில் முத்திரை பெற்றவையே கணினிகளும் மானிட்டர்களும்தான். இது மின்சாரத்தை மட்டும் பார்க்கும். நச்சுப் பொருள், பழுது பார்க்கும் வசதி, தொழிலாளர் நிலை எதுவும் இதில் வராது.

ஈபீட், 2006-இல் வந்தது. இப்போது குளோபல் எலக்ட்ரானிக்ஸ் கவுன்சில் நடத்துகிறது. நச்சுப் பொருள், ஆற்றல், மறுசுழற்சிப் பிளாஸ்டிக், ஆயுள் நீட்டிப்பு, திரும்பப் பெறும் வசதி என்று பலவற்றைச் சேர்த்துப் பார்க்கும். கட்டாய விதிகளை மட்டும் நிறைவேற்றினால் வெண்கலம். விருப்ப விதிகளில் பாதியையும் நிறைவேற்றினால் வெள்ளி. முக்கால் பங்கை எட்டினால் தங்கம் என்பதுதான் பல வருடங்களாகப் புழங்கும் அளவு. விதிகள் அவ்வப்போது புதுப்பிக்கப்படும் என்பதால் டெண்டர் எழுதும் நாளில் நடப்பில் இருக்கும் பதிப்பைப் பாருங்கள்.

டிசிஓ சர்டிஃபைடு, ஸ்வீடனிலிருந்து வருவது. 1992-இல் மானிட்டர்களுக்காகத் தொடங்கியது, தொழிற்சங்கப் பின்னணி கொண்டது. அதனால்தானோ என்னவோ, தொழிற்சாலையில் வேலை செய்பவர்களின் நிலையையும் இது விடாமல் கேட்கிறது. பேட்டரி மாற்றும் வசதி, உதிரி பாகம், ரசாயனங்கள் எல்லாம் இதில் உண்டு.

ஜெர்மனியின் புளூ ஏஞ்சல், 1978-இலிருந்து இருக்கிறது. உலகின் முதல் சுற்றுச்சூழல் முத்திரை இதுதான். பிரிண்டர் வாங்கும்போது இதை அதிகம் பார்க்கலாம்.

இனி, குழப்பம் தரும் இரண்டைப் பற்றி. முதலாவது ஆர்ஓஎச்எஸ். ஈயம், பாதரசம், காட்மியம் உள்ளிட்ட பொருட்களுக்கு வரம்பு வைக்கும் ஐரோப்பியச் சட்டம் இது. 2006 ஜூலை 1 முதல் 6 பொருட்களுக்கு இருந்தது, 2019 ஜூலையில் பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் 4 சேர்ந்து 10 ஆனது. நல்ல சட்டம்தான். ஆனால் அங்கே விற்க வேண்டுமானால் எல்லோரும் நிறைவேற்றியே ஆக வேண்டிய குறைந்தபட்சம் அது. ‘எங்கள் பொருள் ஆர்ஓஎச்எஸ் இணக்கமானது’ என்பதைத் தனிச் சிறப்பாகக் காட்டினால் அதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது ‘கோல்டு’. டெஸ்க்டாப்பின் விவரத்தாளில் ‘80 பிளஸ் கோல்டு’ என்று இருக்கும். அது உள்ளே இருக்கும் பவர் சப்ளையின் திறனை மட்டும் குறிப்பது. ஈபீட் தங்கத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விலைப்புள்ளியில் வெறுமனே ‘கோல்டு சர்டிஃபைடு’ என்று எழுதியிருந்தால், எந்த கோல்டு என்று எழுத்தில் கேளுங்கள்.

லேப்டாப் அடி தாங்கும் என்று காட்டப் போடும் ‘ராணுவத் தரம் 810’ என்ற வாசகத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். அதில் பல சோதனைகள் உண்டு. எவற்றைச் செய்தோம் என்பதைத் தேர்ந்தெடுப்பவர் தயாரிப்பாளர். சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்: எத்தனை உயரத்திலிருந்து விழுந்தது, எத்தனை முறை, எந்தப் பரப்பில்.

3. மாடல் எண்ணைப் பதிவேட்டில் நீங்களே தேடுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படி இது. முத்திரை நிறுவனத்துக்குக் கொடுக்கப்படுவதில்லை. குறிப்பிட்ட மாடலுக்குக் கொடுக்கப்படுகிறது. ஒரு பெரிய நிறுவனத்தின் நாற்பது மாடல்களில் பத்துக்கு மட்டும் சான்று இருக்கலாம். விளம்பரத்தாளின் மேல் மூலையில் இருக்கும் முத்திரை அந்தப் பத்தைக் குறித்ததா, உங்களுக்கு வரப்போவதைக் குறித்ததா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். விலைப்புள்ளியில் இருக்கும் முழு மாடல் எண்ணை, கடைசியில் வரும் எழுத்துகள் உட்பட, எடுத்துக்கொள்ளுங்கள். ஈபீட் பதிவேடும் டிசிஓவின் தேடல் பக்கமும் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. ஈபீட்டில் தேடும்போது நாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். அங்கே பதிவு நாடுவாரியாக நடக்கிறது. ஒரு நாட்டில் தங்கம் பெற்ற மாடல் இன்னொரு நாட்டில் பதிவிலேயே இல்லாமல் இருக்கலாம். பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா, காலாவதியானதா என்றும் பாருங்கள். பார்த்ததும் அந்தப் பக்கத்தைத் தேதியோடு பிரதி எடுத்துக் கோப்பில் வையுங்கள். தணிக்கையில் கேள்வி வந்தால் அந்த ஒரு தாள் பதில் சொல்லும்.

பெயர் கொஞ்சம் மாறியிருந்தால் ‘ஏறக்குறைய அதே மாடல்தான்’ என்று சப்ளையர் சொல்வார். சரி, அதைத் தயாரிப்பாளரின் கடிதத்தோடு சொல்லட்டும்.

4. டெண்டரில் எழுதும் விதம்

‘சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக இருக்க வேண்டும்’ என்ற வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அதை யாராலும் மீற முடியாது, ஏனென்றால் அதில் எதுவுமே சொல்லப்படவில்லை. அதற்குப் பதில் இப்படி எழுதலாம்:

‘வழங்கப்படும் ஒவ்வொரு மாடலும், விலைப்புள்ளி அளிக்கும் நாளிலும் பொருளை ஒப்படைக்கும் நாளிலும், பயன்படுத்தப்படும் நாட்டுக்கான ஈபீட் பதிவேட்டில் வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட நிலையில் நடப்புப் பதிவாக இருக்க வேண்டும், அல்லது அதே அளவுகோல்களை நிறைவேற்றுவதாகச் சுயேச்சையான மூன்றாம் தரப்பு அளித்த இணையான சான்று இருக்க வேண்டும். முழு மாடல் எண்ணும் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியும் இணைக்கப்பட வேண்டும்.’

இதில் ‘இணையான’ என்ற சொல் மிக அவசியம். பொதுப் பணத்தில் வாங்கும்போது ஒரே முத்திரையை மட்டும் கேட்டால், மற்றவர்களுக்குக் கதவை அடைத்ததாக வழக்கு வரலாம். ஐரோப்பாவில் இப்படி ஒரு வழக்கு நடந்தது. நெதர்லாந்தில் ஒரு மாகாண நிர்வாகம் காபி இயந்திர டெண்டரில் குறிப்பிட்ட முத்திரைகளின் பெயரைக் கேட்டிருந்தது. முத்திரையின் பெயரைச் சொன்னால் போதாது, அதன் பின்னால் இருக்கும் அளவுகோல்களை எழுத வேண்டும், இணையானதையும் ஏற்க வேண்டும் என்ற வகையில் 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் நாட்டுக் கொள்முதல் விதி என்ன சொல்கிறது என்பதைச் சட்டப் பிரிவிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

எதைக் கட்டாயமாக்குவது, எதற்குக் கூடுதல் மதிப்பெண் தருவது? சந்தையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நீங்கள் தேடும் வகையில் தங்கப் பதிவுள்ள மாடல்கள் பல தயாரிப்பாளர்களிடம் இருந்தால் தங்கத்தையே கட்டாயமாக்கலாம். ஒருவரிடம் மட்டும் இருந்தால் வெள்ளியைக் கட்டாயமாக்கி, தங்கத்துக்குக் கூடுதல் மதிப்பெண் வையுங்கள்.

முத்திரையோடு நின்றுவிட வேண்டாம். ஆயுளைத் தீர்மானிக்கும் சில விஷயங்களைத் தனியாகவே கேளுங்கள். பேட்டரியைச் சாதாரண ஸ்குரூ டிரைவரால் கழற்ற முடிய வேண்டும், ஒட்டியிருக்கக் கூடாது. ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். மெல்லிய மாடல்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், அதனால் இன்று 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். உதிரி பாகங்கள் விற்பனை நின்றபின்னும் குறைந்தது 5 வருடம் கிடைக்க வேண்டும். கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கும் இயங்குதளத்துக்கும் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதிவரை வரும் என்பதை எழுத்தில் தர வேண்டும். பழுது பார்க்கும் கையேடு உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்குக் கிடைக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று தயங்க வேண்டாம். லேப்டாப்புக்கும் ஸ்மார்ட்ஃபோனுக்கும் 10-க்கு இத்தனை என்று பழுது பார்க்கும் வசதிக்கான மதிப்பெண்ணை விற்பவர் காட்டியாக வேண்டும் என்று பிரான்ஸ் 2021 ஜனவரியிலிருந்து சட்டமாக்கியது. குரோம்புக்குகளுக்கு 10 வருட அப்டேட் என்று கூகுள் 2023-இல் அறிவித்தது. மடக்கும் கீல், கீபோர்டு, சார்ஜிங் போர்ட் ஆகிய மூன்றும்தான் அதிகம் தேயும் இடங்கள் என்பதை நினைவில் வைத்து, மாதிரிக் கணினி ஒன்றை வாங்கி உங்கள் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். விவரத்தாள் சொல்லாததை அந்தப் பத்து நிமிடம் சொல்லிவிடும்.

பேக்கிங்கையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்: தெர்மோகோல் வேண்டாம், பல கணினிகள் ஒரே பெட்டியில், ஏற்கெனவே யுஎஸ்பி-சி சார்ஜர் இருக்கும் இடங்களுக்குச் சார்ஜர் இல்லாமல்.

5. விலையை ஒப்பிடும் முறை

வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் மலிவான, சீக்கிரம் சாகும் மாடல்தான் எப்போதும் ஜெயிக்கும். எத்தனை வருடம் பயன்படுத்தப் போகிறீர்களோ அத்தனை வருடத்துக்கான மொத்தச் செலவைப் போடுங்கள். வாங்கும் விலை, நீட்டித்த வாரண்டி, இடையில் ஒரு பேட்டரி, மின்சாரம், கடைசியில் அப்புறப்படுத்தும் செலவு. மின்சாரத்துக்கு எனர்ஜி ஸ்டார் பட்டியலில் ஒவ்வொரு மாடலுக்கும் ஆண்டுக்கு இத்தனை கிலோவாட் மணி என்று கொடுத்திருப்பார்கள். அதை உங்கள் யூனிட் கட்டணத்தாலும் வருட எண்ணிக்கையாலும் பெருக்கினால் போதும். மொத்தத்தை வருடங்களால் வகுத்தால் ‘ஒரு வருடப் பயன்பாட்டுக்கு இவ்வளவு’ என்று வரும். அந்த எண்ணை வைத்து ஒப்பிடுவோம் என்பதை டெண்டரிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சேர்த்தால் செல்லாது.

6. பொருள் வந்து இறங்கும் நாள்

விலைப்புள்ளியில் ஒரு மாடல், வண்டியில் இன்னொரு மாடல் என்று வருவதுண்டு. ஸ்டாக் இல்லை, இதுவும் அதே தரம்தான் என்பார்கள். பெட்டியின் லேபிளில் இருக்கும் மாடல் எண்ணைக் கோப்பில் இருக்கும் பிரதியோடு ஒப்பிட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுங்கள். மாற்று மாடல் என்றால் அதற்கும் அதே சான்று வேண்டும், முன்கூட்டியே எழுத்து அனுமதி வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கட்டும்.

அப்புறம், சும்மா இருக்கும் கணினியைத் தானாக உறங்கவைக்கும் ஸ்லீப் அமைப்பு. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான மென்பொருள் தொகுப்பை (இமேஜ்) ஏற்றும்போது சிலர் இதை மொத்தமாக அணைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் எனர்ஜி ஸ்டார் பார்த்து வாங்கியதற்குப் பலனில்லை. பிரிண்டரில் இருபக்க அச்சு தானாகவே வரும்படி வைத்துவிட்டுத்தான் பயனர்களிடம் கொடுக்க வேண்டும்.

7. விடைகொடுக்கும் நாளை வாங்கும் நாளிலேயே எழுதுங்கள்

2022-இல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்கழிவு உண்டானது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே என்கிறது ஐநா அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை. மீதியில் கணிசமானவை குப்பைமேட்டிலும், பாதுகாப்பில்லாமல் கம்பிகளை எரித்துச் செம்பு எடுக்கும் கைகளிலும் போய்ச் சேர்கின்றன. உங்கள் நிறுவனத்தின் சொத்து ஸ்டிக்கர் ஒட்டிய கணினி அங்கே போகக் கூடாது என்றால், திரும்ப எடுத்துக்கொள்வது யார், எந்தச் செலவில், எந்த மறுசுழற்சி நிலையத்துக்கு என்பது கொள்முதல் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வாங்கிய பிறகு கேட்டால் யாருக்கும் அக்கறை இருக்காது.

தகவல் பாதுகாப்பு என்ற பெயரில் எல்லா டிஸ்க்குகளையும் நொறுக்கிவிடுவது பல இடங்களில் வழக்கம். இது வருத்தமான வீண். என்ஐஎஸ்டி 800-88 என்ற அமெரிக்க வழிகாட்டி, தகவலின் முக்கியத்துவத்தைப் பொறுத்து மேலெழுதி நீக்குதல், மீட்கவே முடியாதபடி துடைத்தல், உடைத்தழித்தல் என்று மூன்று நிலைகள் வைத்திருக்கிறது. பெரும்பாலான கணினிகளுக்கு முதல் இரண்டில் ஒன்று போதும். அதன்பின் வேறொருவர் பயன்படுத்தலாம். காந்தப் புலத்தால் அழிக்கும் டீகாஸர் கருவி எஸ்எஸ்டியில் வேலை செய்யாது என்பதை மட்டும் உங்கள் குழுவுக்குச் சொல்லிவையுங்கள். எஸ்எஸ்டி தகவலைக் காந்தமாகச் சேமிப்பதில்லை. அதற்கு டிரைவுக்குள்ளேயே இருக்கும் துடைக்கும் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

உப்பிய லித்தியம் பேட்டரிகளைத் தனியாகப் பிரித்து, அமுங்காமல், உடனே ஒப்படையுங்கள். மற்ற கழிவோடு சேர்த்து நசுங்கினால் தீப்பிடிக்கும்.

மறுசுழற்சி செய்பவரிடம், மின்கழிவைப் பொறுப்பாகக் கையாள்பவர்களுக்குத் தரப்படும் ஆர்2 அல்லது இ-ஸ்டூவர்ட்ஸ் சான்றைக் கேளுங்கள். இங்கேயும் அதே பாடம்தான்: ஆர்2 சான்று குறிப்பிட்ட நிலையத்துக்கு உரியது, நிறுவனத்தின் பெயருக்கு அல்ல. உங்கள் கணினிகள் போகும் முகவரி சான்றில் இருக்கிறதா என்று பாருங்கள். கழிவு எல்லை தாண்டுமானால், 2025 ஜனவரி 1 முதல் கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் சர்வதேச உடன்படிக்கையின்படி, அபாயகரமானதோ இல்லையோ, எல்லா மின்கழிவுக்கும் பெறும் நாட்டின் முன்அனுமதி தேவை. அந்த ஆவணத்தையும் கேட்கலாம்.

கடைசியில் உங்களுக்கு வரும் அழிப்புச் சான்றிதழில் ‘இத்தனை கணினிகள், இத்தனை கிலோ’ என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு கணினிக்கும் டிஸ்க்குக்கும் சீரியல் எண், அதற்கு நேரே என்ன ஆனது என்பது வேண்டும்: மறுபயன்பாடா, உதிரி பாகமா, மறுசுழற்சியா. அதை உங்கள் சொத்துப் பதிவேட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எண் விடுபட்டிருந்தால், விளக்கம் வரும்வரை அந்தப் பட்டுவாடாவில் கையெழுத்துப் போடாதீர்கள்.